நியூரோ எக்ஸாம் கிட் வாங்கின கதை: பெட்டி நல்லா இருக்கு, ஸ்டிக்கர மட்டும் நம்பாதீங்க

நான் இப்போ சிஆர்ஆர்ஐ, அதாவது ஹவுஸ் சர்ஜன், தெக்கத்தி சீமைல ஒரு ஜிஹெச்ல. மெடிசின் போஸ்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல இந்த கிட்ட ஆர்டர் போட்டேன், 1,499 ரூபா, "12 கிரேனியல் நெர்வுக்கும் தேவையான எல்லாம் ஒரே பெட்டியில்"னு போட்டிருந்துச்சு. கிரேனியல் நெர்வுன்னா மூளைல இருந்து நேரா கண்ணு, மூக்கு, முகம், காதுன்னு போற 12 ஜோடி நரம்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். கம்பெனி பேரு போட மாட்டேன், ஏன்னா இதே பெட்டிய நாலஞ்சு பேர்ல விக்கிறாங்க, கடைசில எல்லாம் ஒரே எடத்துல இருந்து வர்ற மாதிரி தான் தெரியுது. மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

உள்ள இருந்தது என்னன்னா: ரெண்டு ட்யூனிங் ஃபோர்க் (தட்டினா ஒரே ஸ்ருதில ஒலிக்கிற கவை), ஒரு சுத்தியல், பேனா டார்ச், கண் பார்வை பாக்குற ஸ்னெல்லன் சார்ட் ஒண்ணு, சிவப்புத் தலை வச்ச குச்சி, மூணு வாசனை பாட்டில், பஞ்சு, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி நாக்க அமுக்குற மரக்குச்சி 10, அப்புறம் ஒரு வழிகாட்டி நோட்டீஸ். ஜிப் வச்ச கறுப்புப் பை நெஜமாவே நல்ல பை, அதுல எந்தக் குறையும் இல்ல, எங்க வார்டு சிஸ்டர் கூட "எங்கம்மா வாங்குன"ன்னு கேட்டாங்க.

மொத நரம்புல இருந்தே போவோம். வாசனை. மூணு பாட்டில், ஒண்ணு கிராம்பு, ஒண்ணு லேவண்டர், ஒண்ணு கற்பூர மெந்தால் கலவை. கிராம்பு ஓகே. லேவண்டர குடுத்து எங்க வார்டுல ஒரு ஆச்சிகிட்ட "என்ன வாசனை ஆச்சி"ன்னு கேட்டா "சோப்பு"ன்னாங்க, அடுத்த பெட்டுல இருந்தவர் "ஏதோ செண்ட்டு", இன்னொருத்தர் "கொசுவத்தி". மூணு பேருக்கும் மூக்கு நல்லா தான் வேலை செய்யுது, அவங்க வாழ்க்கைல லேவண்டர்ங்கிற பூவே கிடையாது, அவ்ளோதான். அந்த மெந்தால் பாட்டில் தான் பெரிய தப்பு. மூக்குக்குள்ள சுர்ருனு ஏறுதுல்ல, அது வாசனை நரம்பு இல்ல, அஞ்சாவது நரம்பு, முகத்துல தொடுறது வலிக்கிறது எல்லாத்தையும் சொல்ற டிரைஜெமினல். வாசனை நரம்பு மொத்தமா அறுந்து போனவன் கூட அத மோந்தா "ஆமா சார் ஏதோ இருக்கு"ம்பான். அமோனியா வச்சு டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு செகண்ட் இயர்லயே சொல்லிக் குடுப்பாங்க, அதே காரணம் தான் இதுக்கும்.

நான் இப்போ செய்யிறது, வீட்டு காபிப் பொடிய ஒரு பழைய மாத்திரை டப்பால போட்டு வச்சிருக்கேன், சிக்கரி கலந்தது தான். ஒரு மூக்க அடைச்சு, கண்ண மூடச் சொல்லி, மாத்தி மாத்தி. பைக்ல பின்னாடி உக்காந்து போயி விழுந்து பிடரில அடிபட்ட ஒரு பையன், ஹெல்மெட் இல்ல, ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க, ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்து "எங்கம்மா கொழம்புக்கு ருசியே இல்ல"ன்னு சொல்றான். நாக்குல உப்பு சக்கரை வச்சா கரெக்டா சொல்றான். காபிப் பொடி ரெண்டு பக்கமும் தெரியல. தலை சடக்குனு அசையும்போது மூளை முன்னும் பின்னும் போகுது, மூக்குக்கு மேல சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ஒரு எலும்பு இருக்கு, அது வழியா வர்ற நூல் நூலான நரம்பு அங்கயே அறுந்துரும். யாரும் வாசனை போச்சுன்னு வரமாட்டாங்க, ருசி போச்சுன்னு தான் வருவாங்க. இந்தக் கேஸுக்கு அந்த மெந்தால் பாட்டில குடுத்திருந்தா நான் நார்மல்னு எழுதியிருப்பேன்.

லேவண்டர் பாட்டில எங்கம்மா பீரோல சேலைக்கு நடுவுல வச்சுட்டாங்க.

அடுத்து ஸ்னெல்லன் சார்ட். இது ஹாலந்து டாக்டர் ஸ்னெல்லன் 1862ல போட்ட கணக்கு, சும்மா பெருசா சின்னதா எழுத்து அடிக்கிறது இல்ல. 6 மீட்டர்ல நின்னு படிக்கிற சார்ட்ல உச்சில இருக்கிற பெரிய எழுத்து 87 மில்லிமீட்டர் சொச்சம் உயரம் இருக்கணும். எனக்கு ஏனோ சந்தேகம் வந்து ஸ்கேல வச்சு அளந்தேன், 70 மில்லிமீட்டர் தான். பேப்பர் அளவுக்கு அடக்குறதுக்காக சுருக்கிட்டாங்க போல. இத 6 மீட்டர்ல மாட்டுனா கண்ணு நல்லா இருக்கிறவனுக்கும் குறையுற மாதிரி வரும். நான் கணக்குப் போட்டு 4.8 மீட்டர்ல தரைல சாக்பீஸ் கோடு போட்டு வச்சுட்டேன், அதுல சரியா வருது, ஆனா 1,499 குடுத்து வாங்கினவன் சாக்பீஸும் வாங்கணுமான்னு ஒரு கேள்வி. இன்னொண்ணு, சார்ட் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. நமக்கு வர்ற பாதிப் பேருக்கு தமிழ் சார்ட், இல்லன்னா ஈ எழுத்த நாலு பக்கமும் திருப்பிப் போட்டு கைய காட்டச் சொல்ற சார்ட் தான் வேணும்.

சிவப்புத் தலை குச்சி நல்லா இருக்கு. பக்கவாட்டுப் பார்வை எவ்ளோ இருக்குன்னு நேருக்கு நேரா உக்காந்து பாக்குறதுக்கு. இருந்தாலும் துணிக்கடைல சட்டைக்கு குத்தி வர்ற சிவப்பு குண்டூசிய ஒரு ரீஃபில்ல சொருகுனா இதே வேலைய செய்யும்.

பேனா டார்ச்சுக்கு வர்றேன், ஏன்னா இந்தப் பெட்டிலயே நான் தினமும் எடுக்கிற பொருள் இது தான். வெளிச்சம் கொஞ்சம் ஓவர், வெள்ளை எல்ஈடி, நேரா அடிச்சா பேஷன்ட் கண்ண இறுக்கி மூடிக்கிறார், அப்புறம் பாப்பாவ, அதாவது கருவிழி நடுவுல இருக்கிற கண்மணிய, எங்க பாக்கிறது, பக்கவாட்டுல இருந்து கொண்டு வரணும். டார்ச்சோட உடம்புல பாப்பா அளக்கிறதுக்கு 2ல இருந்து 9 மில்லிமீட்டர் வரைக்கும் கறுப்பு வட்டம் பிரிண்ட் பண்ணியிருந்தாங்க, ஸ்கேல வச்சு பாத்தேன், சரியா தான் இருந்துச்சு, பாராட்டுறேன். ஆனா சானிடைசர் கையோட தொட்டுத் தொட்டு ரெண்டு வாரத்துல 2, 3, 4 அழிஞ்சு போச்சு. அழியக் கூடாதது அந்த மூணும் தான், மீதிய வச்சு நான் என்ன செய்ய.

இது ஏன் முக்கியம்னா, தலை காயம் அட்மிஷன்ல ராத்திரி பூரா மணிக்கு ஒரு தடவ பாப்பா பாக்கணும். மண்டைக்குள்ள ரத்தம் கட்டி மூளை ஒரு பக்கமா தள்ள ஆரம்பிச்சா மொதல்ல நசுங்கற நரம்புகள்ல கண்ணையும் இமையையும் அசைக்கிற மூணாவது நரம்பு ஒண்ணு, பாப்பாவ சுருக்குற நார் அதோட வெளிப்பக்கத்துல ஓடுது, அதனால நசுங்கினா அந்தப் பக்கம் பாப்பா விரியும், வெளிச்சம் அடிச்சாலும் சுருங்காது. சக்கரை வியாதில மூணாவது நரம்பு போனா அது உள்பக்க ரத்த ஓட்டக் கோளாறு, இமை தொங்கும், கண்ணு வெளியயும் கீழயும் போயி நிக்கும், ஆனா பெரும்பாலும் பாப்பா தப்பிச்சிரும். இமை தொங்குது பாப்பாவும் விரிஞ்சிருக்குன்னா ரத்தக்குழாய் வீக்கம் ஏதும் அமுக்குதான்னு பதறி ஸ்கேனுக்கு ஓடணும். 3 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டராங்கிறது அவ்ளோ பெரிய விஷயம். டார்ச் சுவிட்ச்ச அமுக்கிப் பிடிச்சா தான் எரியும், அது ஒரு விதத்துல நல்லது, பாக்கெட்ல தானா எரிஞ்சு பேட்டரி தீராது.

கட்டுவிரியன் கடிச்சு வர்றவங்களுக்கும் இதே டார்ச் தான். தரைல படுத்திருந்தோம், எதுவும் கடிச்ச மாதிரி தெரியல, விடியக்காலைல வயித்து வலின்னு வருவாங்க, "கண்ணு சொருகுது டாக்டர்"னு சொன்னா தூக்கம்னு நினைச்சுரக் கூடாது. அங்க நரம்பு நல்லா தான் இருக்கு, நரம்பு தசையோட சேர்ற எடத்துல விஷம் வேலை பாக்குது, ஆனா மொதல்ல காட்டிக் குடுக்கிறது இமை தான். மேல பாத்துட்டே இருங்கன்னு விரல தூக்கிக் காட்டுங்க, இமை மெதுவா எறங்கும்.

நாலு, ஆறு, இதுவும் கண்ண அசைக்கிற நரம்பு தான், ரெண்டுக்கும் பெட்டில ஒண்ணும் இல்ல, தேவையும் இல்ல, உங்க ஆள்காட்டி விரல் போதும். நாலாவது நரம்பு போனவங்க மாடிப்படி எறங்கும்போது படி ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொல்வாங்க, தலைய ஒரு பக்கமா சாய்ச்சே வச்சிருப்பாங்க, பழைய கல்யாண போட்டோவ வாங்கிப் பாருங்க, சாய்வு அப்பவே இருந்தா பிறவில இருந்தே உள்ளது.

சுத்தியல். தலைப்பகுதிக்குள்ள பிரஷ்ஷும் ஊசியும் ஒளிச்சு வச்ச டைப். கிரேனியல் நெர்வுக்கு சுத்தியலோட வேலை ஒண்ணே ஒண்ணு தான், தாடைல விரல வச்சு மேல தட்டுறது. அதுக்கு இந்தச் சுத்தியல் ரொம்ப லேசு, முட்டிக்கு அடிச்சா பேஷன்ட் சிரிக்கிறார். அந்த ஊசிய தயவுசெஞ்சு யூஸ் பண்ணாதீங்க, ஒருத்தர குத்தின ஊசிய அடுத்தவரையும் குத்துற காலம் எப்பயோ முடிஞ்சு போச்சு, மரக்குச்சிய ஒடிச்சா வர்ற முனை போதும், குத்திட்டு தூக்கிப் போட்டுரலாம். முகத்துல உணர்ச்சி பாக்கும்போது ஒரு சின்ன தந்திரம் பிஜி அக்கா, அதாவது மேல்படிப்பு படிக்கிற சீனியர் டாக்டர், சொல்லிக் குடுத்தது: தாடை மூலை, காதுக்குக் கீழ இருக்கே, அது அஞ்சாவது நரம்பு இல்ல, கழுத்துல இருந்து வர்ற நரம்பு. பாதி முகம் மரத்துப் போச்சுன்னு சொல்றவர் தாடை மூலையும் சேத்து கரெக்டா கோடு போட்ட மாதிரி மரத்துச்சுன்னா, அது அஞ்சாவது நரம்போட எல்லைக்கு ஒத்து வரல, மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம், கொஞ்சம் உக்காந்து பேச வேண்டிய கேஸ்.

ஏழாவதுக்கும், முகத் தசைய அசைக்கிற நரம்பு, பெட்டி தேவையே இல்ல. "ஜன்னல் சீட்டுல காத்து அடிச்சிருச்சு சார், வாய் கோணிக்கிச்சு"ன்னு ஒரு டிரைவர் அண்ணன் வந்தாரு, கூட வந்த எல்லாருக்கும் பக்கவாதம்னு பயம். நெத்திய சுருக்குங்கன்னோம், ஒரு பக்கம் கோடே விழல, இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. மூளைல வர்ற ஸ்ட்ரோக்கா இருந்தா நெத்தி பொதுவா சுருங்கும், ஏன்னா நெத்திக்கு ரெண்டு பக்க மூளைல இருந்தும் கனெக்‌ஷன் உண்டு. நெத்தியும் சேந்து போனா நரம்புலயே கோளாறு, பெல்ஸ் பால்சி. கை கால் எல்லாம் நல்லா இருக்கான்னும் பாத்துட்டு, 72 மணி நேரத்துக்குள்ள ஸ்டீராய்டு ஆரம்பிச்சு, மூடாத கண்ணுக்கு சொட்டு மருந்தும் ராத்திரி டேப்பும் போட்டு அனுப்புனோம். அவர் கேட்ட ஒரே கேள்வி, ஹாரன் சத்தம் அந்தப் பக்கக் காதுல ஏன் ஓவரா கேக்குதுன்னு. நல்ல கேள்வி. காதுக்குள்ள சத்தத்த அடக்குற ஒரு குட்டித் தசைக்கும் இந்த நரம்பு தான் முதலாளி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எட்டாவது, காது கேக்குற நரம்பு, அதுக்கு ட்யூனிங் ஃபோர்க்.

இந்தப் பெட்டிய நான் வாங்கினதே இதுக்காகத் தான், மத்த எல்லாத்துக்கும் வீட்டுல மாத்து இருக்கு, இதுக்கு இல்ல. விளம்பரத்துல 128 ஒண்ணு 512 ஒண்ணுன்னு தெளிவா போட்டிருந்தாங்க, அது ஹெர்ட்ஸ், ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அதிருதுங்கிற கணக்கு. வந்ததும் ரெண்டு வெல்வெட் பை, ஒண்ணு மேல 128ன்னு ஸ்டிக்கர், இன்னொண்ணு மேல 512. நான் சந்தோஷமா லீவுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போனேன். எங்க தாத்தாவுக்கு வயசு 81, டிவி சத்தம் தெரு முழுக்க கேக்கும், ஆனா காது நல்லா இருக்குன்னு சாதிப்பாரு. ரின்னே டெஸ்ட் போட்டேன். 1855ல ரின்னேங்கிற ஜெர்மன் டாக்டர் சொன்னது, ஃபோர்க்க முழங்கைல தட்டி காதுக்குப் பின்னாடி எலும்புல வைக்கணும், அப்புறம் காது ஓட்டைக்கு முன்னாடி பிடிக்கணும், எதுல நல்லா கேக்குதுன்னு கேக்கணும். நல்ல காதுன்னா காத்துல தான் நல்லா கேக்கும். எலும்புல தான் நல்லா கேக்குதுன்னா அழுக்கு, சவ்வு ஓட்டை, நடுக்காதுல ஏதோ அடைப்பு. தாத்தா எலும்புல வச்சதும் "இருக்கு... இருக்கு... இன்னும் இருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தாரு, காதுக்கு முன்னாடி பிடிச்சா "ம், லேசா"ன்னாரு. ரெண்டு காதும் அப்படியே. நான் பெரிய டாக்டர் மாதிரி அம்மாகிட்ட "காதுல அடைப்பு தான், சுத்தம் பண்ணா சரியாயிரும், காது மெஷின் எல்லாம் வேணாம்"னுட்டேன். தாத்தாவுக்கு ஒரே குஷி, ரெண்டு நாள் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னாரு.

திரும்பி வந்து இஎன்டி பிஜி அக்காகிட்ட பெருமையா சொன்னேன். அக்கா ஃபோர்க்க வாங்கி காம்பப் பாத்தாங்க. காம்புல சின்னதா பொறிச்சிருந்த நம்பர் 128. இன்னொண்ண எடுத்தாங்க, அதுவும் 128. ரெண்டுக்கும் ஒரே நீளம், ரெண்டு முனைலயும் அதே வெயிட்டு. 512 ஃபோர்க் கையில பாதி நீளம் தான் இருக்கும், எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும், நான் வெல்வெட் பையப் பாத்து ஏமாந்துட்டேன். அப்புறம் அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க: "தாத்தா 'கேக்குது'ன்னு சொன்னாரா, 'இருக்கு'ன்னு சொன்னாரா?"

இருக்குன்னு தான் சொன்னாரு. 128 ஃபோர்க் கால் கட்டைவிரல்ல வச்சு அதிர்வு தெரியுதான்னு பாக்குறதுக்கு, சக்கரைக்காரங்களுக்கு அது தான் முக்கியம். அத காதுக்குப் பின்னாடி வச்சா எலும்பே நடுங்கும், சத்தம் கேக்காதவனுக்கும் நடுக்கம் தெரியும். தாத்தா உண்மைய தான் சொன்னாரு, எலும்புல ஏதோ இருந்துச்சு, இருக்குன்னாரு. அதனால தான் 512, அதுல நடுக்கம் கம்மி, சத்தம் தான் போகும், சீக்கிரம் அடங்கியும் போயிராது.

அடுத்த வாரம் தாத்தாவ வரச் சொல்லி அக்கா அவங்க ஃபோர்க்க வச்சு பாத்தாங்க. ரெண்டு பக்கமும் காத்துல தான் நல்லா கேக்குது. நடு நெத்தில வச்சா, அது வெபர் டெஸ்ட், எந்தப் பக்கமும் சாயல, சமமா நடுவுல. அழுக்கும் இல்ல, சவ்வும் நல்லா இருக்கு. வயசுக்கு வர்ற உள்காதுக் கோளாறு, அப்புறம் கேக்குற திறன அளக்குற ஆடியோகிராம்லயும் அதே தான் வந்துச்சு. மெஷின் தான் வேணும். தாத்தா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு எந்தச் சார்ட்லயும் அளவு இல்ல.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், போட்டோவோட. ரெண்டு நாள் பதில் இல்ல, மூணாவது நாள் ஒருத்தர் போன் பண்ணி "மேடம் ரெண்டும் ஒரே குவாலிட்டி தான்"னாரு. எனக்குக் குவாலிட்டி பிரச்சனை இல்லங்க, ஸ்ருதி பிரச்சனைன்னேன். அவருக்குப் புரியல. மறுபடி மெயில், மறுபடி போட்டோ, 11 நாள் கழிச்சு 512 வந்துச்சு. இந்தத் தடவ விடுவேனா, வீணை கத்துக்கிற என் தங்கச்சிய கூப்ட்டு தட்டிக் காட்டினேன். "ஒரு கட்டைக்கு மேல் சட்ஜம், ஆனா கொஞ்சம் எறக்கமா நிக்குது"ன்னா. போன்ல ட்யூனர் ஆப்ல பாத்தா சி நோட்டு, லேசா ஃப்ளாட். அதான் சரி, அந்த சட்ஜம் 523 ஹெர்ட்ஸ், நம்மளுது 512. 128 ஃபோர்க்கும் அதே சட்ஜம் தான், ரெண்டு ஸ்தாயி கீழ. தங்கச்சி காது அந்த நிமிஷம் கம்பெனிய விட நம்பகமா இருந்துச்சு. வந்த ஃபோர்க் நெஜமாவே நல்ல ஃபோர்க், அதையும் சொல்லணும், முழங்கைல ஒரு தட்டு தட்டினா நின்னு ஒலிக்குது. மேஜை விளிம்புல மட்டும் அடிக்காதீங்க, கணீர்னு வேற சத்தமும் சேந்து வரும்.

கடைசியா அந்த நோட்டீஸ். பத்தாவது நரம்பு கெட்டா உள்நாக்கு கெட்ட பக்கம் சாயும், பன்னெண்டாவது கெட்டா நாக்கு நல்ல பக்கம் சாயும்னு அச்சடிச்சிருக்கான். அப்படியே தலைகீழ். ஆ சொல்லச் சொன்னா நல்ல பக்கத் தசை தான் உள்நாக்க இழுக்கும், அதனால அது நல்ல பக்கம் போகும். நாக்க நீட்டச் சொன்னா நல்ல பக்கத் தசை தள்ளும், அதனால அது கெட்ட பக்கம் போயி விழும். நாங்க ரூம்ல சொல்றது, வெளிநாக்கு கெட்டவன் பக்கம், உள்நாக்கு நல்லவன் பக்கம். இந்த நோட்டீஸ படிச்சுட்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழிப் பரீட்சைக்கு, போன ஜூனியர் யாராவது இருந்தா மன்னிச்சுக்கோங்க. பதினொண்ணாவது, தோள தூக்குற நரம்பு, அதப் பத்தி நோட்டீஸ்ல ஒத்த வரி தான். கழுத்துப் பக்கவாட்டுல கட்டி எடுத்தப்புறம் கைய மேல தூக்க முடியல, தலை வார முடியலன்னு வர்றவங்களுக்கு இந்த நரம்பு தான் அடிபட்டிருக்கும், அதையாவது ரெண்டு வரி எழுதியிருக்கலாம்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். பைக்கு ஒண்ணு, டார்ச்சுக்கு ஒண்ணு, லேட்டா வந்தாலும் 512க்கு ஒண்ணு. ஸ்டூடன்ட்ஸா இருந்தா முழு கிட் வாங்காதீங்க, ரெண்டு ஃபோர்க்கும் ஒரு டார்ச்சும் தனித்தனியா சர்ஜிகல் கடைல நேர்ல போயி வாங்குங்க, காம்புல இருக்கிற நம்பரப் பாருங்க, அங்கயே தட்டிப் பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். வாங்கியே தீருவேன்னா மெந்தால் பாட்டில தூக்கிப் போட்டுட்டு காபிப் பொடிக்கு டப்பா தேடுங்க.

கூடுதலா வந்த அந்த 128 ஃபோர்க்க திருப்பி அனுப்பச் சொல்றாங்க. கொரியர் பையன் ரெண்டு தடவ வந்தான், ரெண்டு தடவையும் நான் டூட்டில. இப்போ அது தாத்தா வீட்டுல இருக்கு, மெஷின் மாட்டுங்கன்னு யாராவது சொன்னா அத எடுத்து மேஜைல தட்டி காதுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு "இந்தா இருக்குல்ல"ங்கிறாரு.